மரத்தில் ஒட்டிய காந்தம்

அந்தச் சனிக்கிழமை மதியம், என் மகள் கட்டிய மரப் படகின் அடிப்பலகையில், என் கையிலிருந்த காந்தம் 'டக்'கென்று போய் ஒட்டிக்கொண்டது. அந்தப் படகில் துளி இரும்புகூடக் கிடையாது என்று மகள் பலமுறை சொல்லியிருந்தாள். மறுநாள் விடிந்ததும் படகையும் அவளையும் கார்வாருக்கு ஏற்றிப்போக டெம்போ வருவதாக இருந்தது.

நடந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. இன்னமும் அலுவலக மேஜையில் குண்டூசி வைக்கும் காந்த டப்பியைத் தொட்டால் விரல் நுனியில் அந்த இழுப்பு தெரிகிறது. உடனே கையை எடுத்துவிடுகிறேன்.

நான் பயந்த சுபாவம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, ஊருக்கே தெரியும். இருபது வருடத்துக்கு மேலாக ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துக் கோப்புகளைப் படிக்கிற வேலை. மாடிப்படியில் வழுக்கியவர், கீசர் வெடித்தவர், மழைநாளில் பைக்கில் போனவர். காலையில் படித்ததைச் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவருவேன். கீசரை அணைத்துவிட்டு, அணைத்தோமா என்று பார்க்க மறுபடி போவேன். என் கணவர் இதற்கு நேர் எதிர். ஆஸ்டின் டவுனில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறார். கூரை ஒழுகினால்கூட, மழை நின்றால் ஒழுகாது என்பார். ஒரே மகள். அவளுக்கு அவர் சுபாவம்.

அவள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு, கடல் உயிரினங்களைப் பற்றி மேற்படிப்புப் படித்து, கார்வார் பக்கம் ஓர் ஆராய்ச்சி வேலையும் வாங்கிக்கொண்டாள். சேருவதற்குச் சில மாதங்கள் இருந்தன. அந்த இடைவெளியில்தான் படகு. துடுப்பு போட்டும் ஓட்டலாம், சின்னப் பாய் கட்டியும் ஓட்டலாம், பன்னிரண்டடி நீளம். விடுமுறை நாட்களில் ஆற்று முகத்துவாரத்திலிருந்து கடலுக்குள் கொஞ்ச தூரம் போய்வர, அவளுக்கே அவளுக்காக. கடல் இல்லாத பெங்களூரில், பொம்மனஹள்ளியில் ஒரு ஃபர்னிச்சர் பட்டறையின் பின்பக்க ஷெட்டில் மூலை ஒன்றை வாடகைக்குப் பிடித்து வரைபடத்தை விரித்துவிட்டாள்.

அதற்கு முந்தின வருடம் ஒரு சம்பவம் நடந்திருந்தது. அவள் கோகர்ணாவுக்குத் தனியாகப் போயிருந்தபோது ஒரு ராத்திரி முழுக்க அவள் போன் அணைந்து கிடந்தது. நான் விடுதிக்குப் பேசினேன். அவர்கள் எடுக்காததால் பக்கத்து விடுதிக்குப் பேசினேன். பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்கும் பேசினேன். காலையில் அவள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இரண்டு காவலர்கள் வந்து அவள் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். திரும்பி வந்தவள் வெகுநாள் என்னிடம் பேசவில்லை. பேசியபோது சத்தம் போடவில்லை, அதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

படகு வேலை ஆரம்பித்ததும் ஒரு நிபந்தனையோடு என்னை ஷெட்டுக்குக் கூப்பிட்டாள்.

"வா மம்மி, ஆனா மூணு வார்த்தை அங்க பேசக் கூடாது. 'பாத்து', 'ஜாக்கிரதை', 'வேணாம்'. வாய்ல வந்துச்சுன்னா முழுங்கிடு. கைக்கு நான் வேலை குடுக்குறேன்."

அவள் கொடுத்த வேலைதான் தக்கை.

படகின் பலகைகளை உள்ளிருக்கும் சட்டங்களோடு ஸ்க்ரூ போட்டு முடுக்குவார்கள். ஸ்க்ரூவின் தலை பலகையின் மேல்மட்டத்தில் நின்றால் தண்ணீரும் உப்பும் அதைத் தின்றுவிடும். அதனால் முதலில் அகலமாக ஒரு குழி எடுத்து, தலையை அதற்குள் இறக்கி, குழியின் வாயை மரத்தாலேயே மூடிவிட வேண்டும். மூடுகிற அந்தச் சின்ன உருளைதான் தக்கை. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். கடையில் விற்பது ஒத்துவராது என்றாள். எந்தப் பலகையில் குழியோ அதே மரத்தின் துண்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். அப்போதுதான் வெயிலிலும் தண்ணீரிலும் இரண்டும் ஒரேபோல் ஊதி, ஒரேபோல் சுருங்கும். எங்கள் படகு அயினி மரம். கேரளப் பக்கம் படகுக்கு அதைத்தான் எடுப்பார்கள். அறுக்கும்போது மஞ்சளாக இருந்து, நாளாக நாளாகத் தேன் நிறத்துக்குப் போகும்.

நின்று துளைக்கிற டிரில் மெஷினில் வளையம் போன்ற அலகு மாட்டி, துண்டுப் பலகையைக் கீழே இறுக்கி, கைப்பிடியை இறக்க வேண்டும். முதல் நாள் அந்த மெஷினின் பக்கத்தில் போகவே எனக்குக் கால் வரவில்லை. துப்பட்டா மாட்டிக்கொண்டவர்களின் கோப்புகள் எனக்கு மனப்பாடம். துப்பட்டாவைக் கழற்றி, தலைமுடியை இரண்டு ரப்பர்பேண்டால் கட்டி, வளையலைப் பையில் போட்டுவிட்டு நின்றேன். அலகு மரத்தில் இறங்கி, முழுக்க ஊடுருவாமல் முக்கால் ஆழத்தில் நிறுத்தினால், பலகைக்குள்ளேயே வட்ட வட்டமாகத் தக்கைகள் நிற்கும். ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் 'மொளுக்'கென்று அடியோடு ஒடிந்து கையில் விழும்.

ஆச்சரியம் என்னவென்றால் அந்த வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு தக்கையின் முகத்திலும் மரத்தின் ரேகை ஓடும். குழியில் வைக்கும்போது அந்த ரேகை பலகையின் ரேகையோடு ஒரே திசையில் சேர வேண்டும். சேர்ந்தால் கண்ணுக்கே தெரியாது. வார்னிஷில் தோய்த்து, ரேகை பார்த்து வைத்து, சின்னக் கட்டைச் சுத்தியலால் மெல்ல இரண்டு தட்டு. பசை வைத்தால் என்ன என்று கேட்டேன். பசை வைத்தால் பிறகு எடுக்கவே முடியாது, வார்னிஷ் என்றால் என்றைக்காவது தேவைப்பட்டால் கழற்றலாம் என்றாள். காய்ந்தபிறகு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை உளியால் சீவ வேண்டும். ஒரே வெட்டில் மட்டத்துக்கு இறங்கும்போது ரேகை உள்நோக்கிச் சரிந்திருந்தால், தக்கை குழிக்குள்ளேயே பிய்ந்து போகும். அதனால் முதலில் உயரத்தில் ஒரு சீவு சீவி, அது எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்து, பிறகு மறுபக்கத்திலிருந்து இறங்க வேண்டும். ஒவ்வொன்றிலும் கெட்டதை முதலில் நினைத்துப் பார்த்துவிட்டு வெட்டுகிற வேலை. எனக்காகவே யாரோ கண்டுபிடித்தது மாதிரி இருந்தது.

சனி ஞாயிறுகளில் இப்படியே போயிற்று. ஷெட்டுக்குப் போய்வரும் வழியில் சில்க் போர்டு நெரிசலில் காருக்குள் இருக்கும்போதுகூட அந்த மூன்று வார்த்தைகளை நான் சொல்லவில்லை. மகள் ஒருநாள் தன் சிநேகிதியிடம் போனில், எங்கம்மா இப்போ ரொம்பத் தேவலை என்று சொன்னதைக் கேட்டேன்.

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் விடவில்லை. ஷெட்டில் மகள் செருப்பில்லாமல்தான் நடப்பாள். ஃபர்னிச்சர் பட்டறை என்பதால் தரையெல்லாம் ஆணியும் தகரத் துணுக்கும் கிடக்கும். என் கணவர் கடையில் செத்துப்போன ஹார்டு டிஸ்க்குகளைப் பிரித்தால் உள்ளே ஒரு காந்தம் இருக்கும், நகம் அளவு, ஆனால் பிசாசு மாதிரி இழுக்கும். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் கேஸ் பில்லைப் பிடித்துக்கொண்டிருப்பதும் அதுதான். அதில் ஒன்றைக் கயிற்றில் கட்டி, வேலை முடிந்ததும் படகைச் சுற்றித் தரையில் இழுத்துக்கொண்டு நடப்பேன். ஆணிகள் தொற்றிக்கொண்டு வரும். நான் வாய் திறக்காததால் மகளும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அந்தச் சனிக்கிழமையும் அதைத்தான் செய்தேன். படகு குப்புறக் கவிழ்ந்தபடி இரண்டு மரத்தாங்கிகளின் மேல் இருந்தது. அடிப்பக்கத்தின் கடைசிப் பூச்சு வார்னிஷ் இரண்டு நாள் முன்பே காய்ந்திருந்தது. மகள் டெம்போவுக்குக் கயிறும் பழைய மெத்தையும் வாங்கப் போயிருந்தாள். நான் காந்தத்தில் ஒட்டிய ஆணிகளை உருவிப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். கை படகின் ஓரமாகப் போயிற்று. காந்தம் துள்ளிப் போய்ப் பலகையில் ஒட்டிக்கொண்டது.

எடுத்தேன். விட்டேன். மறுபடி ஒட்டியது. அதன் அடியில், கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற, நான் வைத்த தக்கை ஒன்று இருந்தது.

பக்கத்துத் தக்கையில் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அதற்கடுத்ததிலும் ஒட்டவில்லை. எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தேன். அடுத்ததில் ஒட்டியது.

பட்டறையிலிருந்து சாக்பீஸ் துண்டு ஒன்று எடுத்து, ஒட்டுகிற இடத்திலெல்லாம் சின்னக் கோடு போட்டுக்கொண்டே போனேன். படகின் பின்பக்கத்தில், தண்ணீருக்குள் எப்போதும் கிடக்கப்போகிற கீழ்ப்பலகைகளில்தான் அவை அதிகம். வெயில் தகரக் கூரைமேல் அடித்துக்கொண்டிருந்தது.

எப்படி என்பது நிற்கும்போதே புரிந்துவிட்டது. படகுக்கு எல்லாம் பித்தளை ஸ்க்ரூ. மகள் மார்க்கெட்டில் தேடிப்பிடித்து வாங்கியது. பாதியில் தீர்ந்துபோனபோது அவளுக்கு ஜுரம், அதனால் என் கணவர் போய் வேறொரு கடையில் இன்னொரு டப்பா வாங்கிவந்தார். பார்க்க அதே நிறம், அதே பளபளப்பு. பழையதில் மிச்சமிருந்ததோடு அதையும் ஒரே டின்னில் கொட்டித்தான் முடுக்கினாள். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அது இரும்பு, மேலே பித்தளை முலாம்.

இரும்பு உப்புத் தண்ணீரில் என்ன ஆகும் என்பதை மகளே எனக்குச் சொல்லியிருந்தாள். முலாம் உரிந்து, துரு ஏறி, ஊதி, சுற்றியிருக்கிற மரத்தைக் கறுப்பாக்கி அரித்துவிடும். வெளியே தக்கை அழகாக மூடிக்கொண்டு இருக்கும். ஒருநாள் அலை அடிக்கும்போது பலகை சட்டத்தை விட்டு வாய் திறக்கும். நாளைக்கு இல்லை. அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ. அவள் படகை முழுதாக நம்பத் தொடங்கிய பிறகு, கரையிலிருந்து தூரத்தில்.

கணவருக்குப் போன் செய்தேன். பித்தளை என்று சொல்லித்தான் கொடுத்தான் என்றார். பிறகு அவர் வழக்கப்படி சமாதானமாகிவிட்டார். நாளைக்கே ஒன்றும் ஆகிவிடாது, இன்றைக்கு அவளிடம் எதுவும் சொல்லாதே, சந்தோஷமாகக் கிளம்பட்டும், அங்கே போய்ச் சேர்ந்தபிறகு நானே பக்குவமாகச் சொல்கிறேன் என்றார். இன்னொன்றும் சொன்னார். "நீ சொன்னா அவ நம்ப மாட்டா. நீ எத்தனை தடவ புலி வந்துச்சுன்னு சொல்லியிருக்க?"

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கட்டிப்போட்டது. அவர் சொன்னது சரி. நான் வாயைத் திறந்தால் அவள் காதில் விழப்போவது ஸ்க்ரூ அல்ல, போகாதே என்பதுதான். மறுநாள் போகிற பெண்ணிடம் முந்தின நாள் மதியம் வந்து உன் படகு சரியில்லை என்று சொல்லும் தாய் நான். இத்தனை மாதமாகச் சேர்த்துவைத்த நல்ல பெயர் ஒரு நிமிஷத்தில் போய்விடும். அவள் கார்வாரில் இருந்துகொண்டு என் போனை எடுக்காமல் விட்டால் நான் என்ன செய்வேன்?

இதை எழுதத்தான் எனக்கு வெட்கம். ஏனென்றால் நான் ஈரத்துணியை எடுத்துச் சாக்பீஸ் கோடுகளை அழிக்க ஆரம்பித்தேன். ஒரு பலகை முழுக்க அழித்தும்விட்டேன். கணவர் பக்குவமாகச் சொல்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் சொல்ல மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். நல்ல நேரம் வரட்டும் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. மகள் கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். துணி என் கையில் இருந்தது. படகின் மறுபாதியில் கோடுகள் அப்படியே இருந்தன.

"என்ன மம்மி இது?"

காந்தத்தை அவளிடம் நீட்டினேன். அவள் என் முகத்தைத்தான் பார்த்தாள், காந்தத்தை அல்ல.

"இரும்பு இருக்கு," என்றேன். "டாடி வாங்கிட்டு வந்த டப்பா. அதெல்லாம் பித்தளை இல்ல."

கயிற்றைக் கீழே போட்டாள். ரொம்ப மெதுவான குரலில் பேசினாள்.

"நாளைக்கு நான் போறேன். இன்னைக்கு உனக்கு இது கெடச்சிருக்கு. நீ தேடிக்கிட்டே இருந்திருக்க, இல்ல?"

"தேடல. தரையில ஆணி பொறுக்கிட்டு இருந்தேன்."

"எதாவது ஒண்ணு கெடைக்கணும்னு நீ தேடிக்கிட்டே இருப்ப மம்மி. கெடைக்கிற வரைக்கும் விட மாட்ட."

அப்படியா என்று எனக்கு இன்றும் தெரியாது. கயிற்றில் காந்தத்தைக் கட்டும்போது அடிமனதில் என்ன இருந்தது என்று யார் சொல்வது? அந்த நேரத்தில் நான் ஒன்றைத்தான் செய்தேன். அழவில்லை. பொதுவாக அழுதுவிடுவேன். அவள் கையைப் பிடித்து, உள்ளங்கையில் காந்தத்தை வைத்து, நீயே வைத்துப் பார் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அவள் வைத்துப் பார்த்தாள். ஒட்டியது. வேறோர் இடம். ஒட்டவில்லை. நான் துணியால் அழித்த பலகைக்குப் போனாள். அங்கேயும் ஒட்டியது. அங்கே ஏன் கோடு இல்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ.

கழற்றிப் பார்த்துவிடலாம் என்றாள். தக்கையின் நடுவில் மெல்லிய துளை ஒன்று போட்டு, அதில் நீளமான ஸ்க்ரூ ஒன்றைத் திருக வேண்டும். அதன் நுனி உள்ளே இருக்கும் ஸ்க்ரூவின் தலையில் போய் முட்டி நின்றதும், தக்கை அதன்மேல் ஏறிக்கொண்டு வெளியே வரும். பார்த்துப் பார்த்து ரேகை சேர்த்து வைத்த தக்கை இரண்டாகப் பிளந்து வந்தது. அவள் கைப்பேசி வெளிச்சத்தைக் குழிக்குள் அடித்தாள். உள்ளே தங்கம் மாதிரி மின்னியது.

"பித்தளை," என்றாள். ஒரு பெருமூச்சு விட்டாள். "பாத்தியா? பித்தளைதான்."

நானும் குனிந்து பார்த்தேன். மஞ்சள் நிறம்தான். ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என் தலையில்தான் கோளாறு, காந்தத்தில்கூட இல்லை என்று தோன்றியது. அப்படித் தோன்றியபோது பயத்தைவிட நிம்மதிதான் இருந்தது. நான் பைத்தியமாகவே இருந்துவிட்டுப் போகிறேன், படகு நல்லதாக இருந்தால் போதும்.

அவள் அந்த ஸ்க்ரூவைக் கழற்றி எடுத்துக் காந்தத்தின் அருகே கொண்டுபோனாள். கையிலிருந்து பறித்துக்கொண்டு போய் ஒட்டியது. தலைகீழாகத் தொங்கியது. உளி முனையால் அதன் தலையைச் சுரண்டினாள். மஞ்சளுக்கு அடியில் சாம்பல் நிறம் தெரிந்தது.

தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சின்ன வயதில் பள்ளிப் பரீட்சையில் தோற்றுவிட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்த அதே மாதிரி. எனக்கு ஜெயித்த சந்தோஷம் துளியும் இல்லை. என் பயங்களில் ஒன்றாவது பலித்தால் எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததே கிடையாது. அத்தனை வருடம் கோப்புகளில் படித்தது ஒரு பொருட்டே இல்லை. ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பிறகு அவள் எழுந்து வேலையைத் தொடங்கினாள். முதலில் டெம்போக்காரருக்குப் பேசி, விடியற்காலை வேண்டாம், மத்தியானம் வாருங்கள் என்று கன்னடத்தில் கெஞ்சினாள். அவர் வேறு சவாரி இருக்கிறது என்று முறுக்கிக்கொண்டு, கடைசியில் "ஆய்த்து மேடம், ஆய்த்து" என்று ஒப்புக்கொண்டார். அடுத்தது அவள் அப்பாவுக்கு. அவரைத் திட்டவில்லை. கடை அடைப்பதற்குள் மார்க்கெட்டுக்குப் போங்கள், உங்கள் கடையிலிருந்து ஒரு காந்தத்தைக் கையோடு எடுத்துப் போங்கள், ஒவ்வொரு ஸ்க்ரூவையும் சோதித்து வாங்குங்கள் என்றாள். அவர் போனார். கவுன்டரில் நின்று ஒவ்வொன்றாகக் காந்தம் வைத்துப் பார்ப்பதைக் கண்ட கடைக்காரர், "சார், நகைக் கடைல கூட இப்படி உரசிப் பாக்க மாட்டாங்க" என்றாராம். என் கணவர் வாழ்க்கையில் முதல்முறையாகச் சமாதானமாகாமல், ஒட்டியதையெல்லாம் தனியே ஒதுக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

என் வேலை புதுத் தக்கைகள். அங்கேதான் அடுத்த சிக்கல். கிளம்புகிற நாள் நெருங்கிவிட்டதால் ஷெட்டை நான் முந்தின வாரமே கூட்டிப் பெருக்கி, அயினித் துண்டுகளையெல்லாம் பட்டறைக்காரரின் விறகு மூட்டையில் போட்டிருந்தேன். மூட்டைகளைக் கொட்டிக் கிளறினேன். ரோஸ்வுட், தேக்கு, பிளைவுட் சில்லு. அயினி ஒரு துண்டுதான் கிடைத்தது, ஒரு முழ நீளம், ஒரு ஓரத்தில் வெடிப்பு. அதிலிருந்து தேவையான அத்தனையும் எடுத்தாக வேண்டும். ஒன்றுகூட வீணாகக் கூடாது.

வெடிப்பைத் தவிர்த்து, பென்சிலால் வட்டம் வட்டமாகக் குறித்துக்கொண்டு, மெஷினை ஓட்டினேன். கை நடுங்கிக்கொண்டே இருந்தது. ஆனால் கைப்பிடியில் வைத்ததும் நடுக்கம் எங்கோ போய்விடும், எடுத்ததும் திரும்ப வரும். இரண்டு தக்கைகள் நெம்பும்போது பிளந்துவிட்டன. மூச்சைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை எடுத்தேன். பின்னால் மகள் ஒவ்வொரு தக்கையாகக் கழற்றி, முலாம் ஸ்க்ரூவை எடுத்து ஒரு தகர டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். அது விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கணவர் நல்ல பித்தளையோடு வந்து சேர்ந்தார். மாற்றி முடுக்கிக்கொண்டே வந்தபோது ஒன்று மட்டும் மாட்டிக்கொண்டது. பின்பக்கம், படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் நடுமரத்தை ஒட்டிய இடம். ஸ்க்ரூவின் தலையில் இருந்த காடி தேய்ந்து வழுக்கிவிட்டது. எந்த ஸ்க்ரூடிரைவரும் பிடிக்கவில்லை. தோண்டினால் பலகை போய்விடும், புதுப் பலகை போட நாளில்லை. மகள் அதன் இரண்டு பக்கமும் புதுத் துளை போட்டு நல்ல பித்தளை முடுக்கினாள். இனி அந்த ஒன்று துருப்பிடித்துப் போனாலும் பலகையைப் பக்கத்தில் இருக்கிறவை பிடித்துக்கொள்ளும். ஆனாலும் இரும்பு உள்ளே இருக்கிறது. துரு பரவுகிறதா என்று வருடா வருடம் பார்க்க வேண்டும்.

அந்தக் குழிக்கான தக்கையை வார்னிஷில் தோய்த்து, ரேகை பார்த்துத் திருப்பினேன்.

"அத மட்டும் குறுக்க வை," என்றாள்.

"அசிங்கமாத் தெரியுமேடி."

"தெரியணும். எங்க இருக்குன்னு எனக்குத் தெரியணும்."

பலகையின் ரேகை நீளவாக்கில் ஓட, அந்தத் தக்கையின் ரேகையை மட்டும் குறுக்கே நிறுத்தித் தட்டினேன். என் கை அதற்கு ஒப்பவில்லை. ஒரு வாரமாவது அது என் கனவில் வந்தது.

வார்னிஷ் காயவேண்டும் என்பதால் அன்று அத்தோடு கிளம்பினோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போகாமல் காலையிலேயே ஷெட்டுக்கு வந்தோம். தக்கைகளை நான் சீவினேன், உயரத்தில் ஒரு சீவு, பார்த்து, பிறகு ஒரு சீவு. மகள் தேய்த்து, அந்த இடங்களில் மட்டும் வார்னிஷ் தடவினாள். என் கணவர் யாரும் கேட்காமலே காந்தத்தை எடுத்துக்கொண்டு படகு முழுக்க ஒருமுறை நடந்தார். ஒரே இடத்தில் மட்டும் ஒட்டியது.

மத்தியானம் டெம்போ வந்தது. பட்டறை ஆட்கள் கைகொடுக்க, படகை மெத்தைமேல் குப்புற ஏற்றிக் கட்டினார்கள். மகள் என்னைக் கட்டிக்கொண்டாள், சின்னதாக, அவசரமாக. டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். வண்டி முனகிக்கொண்டு நின்றது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மலைப்பாதை, லாரிகள், இருட்டுவதற்குள் போய்ச்சேர முடியாத தூரம், தெரியாத டிரைவர், அதற்கப்புறம் கடல். எல்லாம் தொண்டையில் வரிசையாக நின்றன.

அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"மம்மி, வேற எதாவது இருக்கா? இப்பவே சொல்லு."

கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். டிரைவர் ஸ்டீயரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இருந்த எல்லாவற்றையும் சொன்னால் வண்டி அன்றைக்குக் கிளம்பியிருக்காது. எது நிஜமான பயம், எது என் பழக்கம் என்று பிரித்துப் பார்க்க முதல்முறையாக முயன்றேன். லாரியை எடுத்துக் கீழே வைத்தேன். இருட்டை வைத்தேன். கடலை எடுக்க முடியவில்லை, அப்படியே தள்ளி வைத்தேன்.

"பின்னாடி இடது பக்கத்துக் கயிறு," என்றேன். "அதுல முடிச்சு சரியா விழலன்னு தோணுது."

டிரைவர் சலித்துக்கொண்டார். மகள் கதவைத் திறந்து இறங்கினாள். வண்டியைச் சுற்றிப் பின்னால் போய், கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, தன் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. முடிச்சைக் குனிந்து பார்த்தாள், விரலால் தடவினாள். பிறகு மறுபக்கத்துக் கயிறுகளையும் இழுத்துப் பார்த்தாள்.

"இறுக்கமாத்தான் இருக்கு மம்மி," என்றாள். சிரிக்கவில்லை.

சரி என்றேன். அவள் ஏறிக்கொண்டாள். வண்டி ஓசூர் ரோட்டில் திரும்பி, பஸ்ஸுக்கும் டேங்கர் லாரிக்கும் நடுவே நுழைந்து போயிற்று. படகின் அடிப்புறம் கொஞ்ச நேரம் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. என் கணவர், போகலாமா என்று கேட்டார். ஒரு நிமிஷம் இருங்கள் என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.